பதினாறாவது கை

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிற நாலு பேர் அவளைத் திட்டுவார்கள். அவளைத் திட்டுகிற பாத்தியதை எனக்கு மட்டும்தான் உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எங்கள் காலனியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பெரியவளான என் அம்மாகூட அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நெட்டையாக, ஒல்லியாக, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு இருப்பாள். சித்தாள் வேலை செய்தாள். புருஷன் சென்ட்ரிங் வேலைக்குப் போவார். அந்த மனிதர் வாயைத் திறந்து நான் பார்த்தது குறைவு. வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவாள்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவளுக்கு யாரும் எதையும் கொடுத்துவிட முடியாது என்பதுதான். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால், "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்பாள். அவள் வீட்டில் அன்றைக்கு அடுப்பே எரிந்திருக்காது, அது எங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் தெரிந்தவர்கள் முந்திக்கொண்டு அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டால் போச்சு. இறங்குவதற்குள் அந்தச் சில்லறையை அவர்கள் மடியில் போட்டுவிடுவாள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தால் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு தேங்காயைத் திருப்பி வைப்பாள். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் சிரிப்பாள், ஆனால் வாங்க மாட்டாள்.

என் அப்பா மேஸ்திரி. மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் அவர் கிடந்த நாட்களில் அக்கா வேலைக்குப் போகாமல் அம்மாவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தாள். பெட்பேன் எடுப்பதிலிருந்து டாக்டரிடம் கன்னடத்தில் சண்டை போடுவதுவரை எல்லாம் அவள்தான். மதியம் நான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். தொட மாட்டாள். வெளியே போய் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு வருவாள். அம்மாவுக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது.

"ஏன்க்கா, நாங்க குடுத்தா வெஷமா?"

"அப்படிச் சொல்லாதீங்க. வாங்கிட்டா நான் உங்களுக்குக் கட்டுப்பட்டவ ஆயிருவேன். நாளைக்கு உங்க மேலயே ஒரு தப்புன்னா, நான் எந்த வாயில பேசறது?"

"நல்லாத்தான் இருக்கு போங்க. எங்க மேல என்ன தப்பு வரப்போவுது" என்று அம்மா சிரித்துவிட்டாள். நான் அன்றைக்கு அக்காவை அப்படியே வாயைப் பிளந்து பார்த்தேன். இப்படியும் ஒரு மனுஷி இருக்கிறாளே என்று நினைத்தேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் வயிறு எரிகிறது.

காலனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூரை ஒட்டி, ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற ரோட்டுப் பக்கம், ஒரு சின்ன நகரசபை. அதன் பெயரும் வேண்டாம். அந்த நகரசபையின் நிலத்தில் ஐம்பது வீடுகள் போல இருந்தோம், எல்லாம் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். மைசூரின் புது லேஅவுட்களில் பென்ஷன்காரர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கிற வீடுகளில் பாதி எங்கள் ஆட்கள் கட்டியவை. எங்கள் சொந்த வீட்டுக்கு மட்டும் பட்டா கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் பட்டா வரும் என்பார்கள், ஓட்டு போனதும் அதுவும் போய்விடும்.

நகரசபைத் தலைவரை ஊரில் அத்யக்ஷரு என்பார்கள். அவர் பெரிய திருடர். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, ஊரே சொல்லும், சொல்லிக்கொண்டே வணக்கமும் வைக்கும். எங்கள் தெருச் சாக்கடை அவர் காலத்தில் இரண்டு தடவை கட்டப்பட்டது, பில்லில். தெருவில் ஒரு தடவைகூடக் கட்டப்படவில்லை. மழை பெய்தால் அடுப்படியில் தண்ணீர் நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். கட்சிக்காரர்கள் தங்கள் பெண்டாட்டிகளை நிறுத்தினார்கள். நாங்கள் அக்காவை நிறுத்தினோம், சுயேச்சையாக. கன்னடக்காரர்கள் தெருவிலும் ஓட்டு வேண்டுமே என்று நான் அவளோடு வீடு வீடாகப் போனேன். மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு லீவு சொல்லிவிட்டுத்தான் போனேன். வெயிலில் நாக்கு வறண்டு போயிருக்கும். அந்த வீட்டு அம்மாக்கள் பாவம், மோர் கொண்டுவந்து நீட்டுவார்கள். அக்கா தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டி, "பேடம்மா, நீரு ஐத்தெ" என்பாள். தண்ணீர் இருக்கிறது, வேண்டாம் என்று. எனக்கு நீட்டின மோரை நான் குடித்துவிடுவேன். அக்கா அதற்கு என்னை முறைப்பாள். ஆனால் அந்த மோர் கொடுத்த அம்மாக்கள்தான், "ஒண்ணும் வாங்காத பொம்பளை" என்று சொல்லிச் சொல்லி அவளை ஜெயிக்க வைத்தார்கள்.

ஜெயித்த வாரத்தில் ஒரு காண்ட்ராக்டர் ஸ்கூட்டரில் வந்தான். ஒரு ஜோடி வெள்ளி விளக்கு. அக்கா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அந்த நேரம் பார்த்து அக்கா வந்துவிட்டாள். விளக்கைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் ஓடினாள் பாருங்கள்! அவன் ஸ்கூட்டரை உதைக்கிறான், உதைக்கிறான், ஸ்டார்ட் ஆகவில்லை. இவள் போய் விளக்கு இரண்டையும் அவன் மடியில் வைத்து, "எண்ணெய் ஊத்தி உங்க வூட்டுலயே ஏத்துங்க சார்" என்றாள். காலனியே கை தட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. எங்களுக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்த வருஷங்களில் டிவியில் சாயங்காலச் செய்தி போட்டால் டில்லியில் ஏதாவது ஒரு அரசாங்கம் விழுகிறதா நிற்கிறதா என்பதுதான். இரண்டு ஓட்டு இருந்தால் நிற்கும், ஒரு ஓட்டு போனால் விழும். இடுப்பு சரியாகாமல் கட்டிலோடு இருந்த அப்பா பார்த்துப் பார்த்துக் கத்துவார், "பொட்டி வாங்கிட்டானுங்க, பாரு, அவன் மூஞ்சியே சொல்லுது!" அரசியல்வாதி எப்படிக் கெடுவான் என்பது எங்களுக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தோம். பெட்டி வரும், நகை வரும், வீடு கட்ட சைட் வரும். அது வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நம்பினோம்.

அத்யக்ஷர் ஒருநாள் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எங்கள் காலனி நிலத்தை வணிக வளாகம் கட்ட நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது என்று. குத்தகை எடுக்கிறவர் அவருடைய மைத்துனர். அக்கா எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள். தீர்மானம் நிறைவேறிவிட்டது. காலி செய்யச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

காலனிப் பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள். மேலிடத்தில் புகார் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டும் செய்தோம். வாய்தா மேல் வாய்தா. அக்காதான் கடைசியில் சொன்னாள்:

"கோர்ட்டு தீர்ப்பு நம்ம பேரம்பேத்தி காலத்துல வரும். இந்த ஆளை எறக்கோணும்னா சபையிலதான் எறக்கோணும். மூணுல ரெண்டு பங்கு கை தூக்கினா அரை நாள்ல எறங்கிருவான். புதுசா வர்றவங்க அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போடட்டும்."

இருபத்திமூன்று பேர் கொண்ட சபை. பதினாறு கை வேண்டும். அக்கா ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தாள். அத்யக்ஷரின் கட்சிக்காரர்களே சிலர் அவர்மேல் கடுப்பில் இருந்தார்கள், தங்களுக்குப் பங்கு வரவில்லையே என்று. அவர்களையும் பேசிச் சேர்த்தாள். கடைசியில் அக்காவோடு சேர்த்துச் சரியாகப் பதினாறு. ஒன்று குறைந்தாலும் எங்கள் வீடு போச்சு. காலனியில் குழந்தைகளுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும்.

கை தூக்குகிற நாள் குறித்தாயிற்று. நடுவில் அத்யக்ஷரின் ஆட்கள் பேரம் பேச வந்துவிடுவார்கள் என்று எங்கள் தரப்புப் பெரியவர் ஒருவர் எல்லோரையும் வேனில் ஏற்றிக் குடகுப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் கொண்டுபோய் வைத்தார். இது அங்கே வழக்கம்தான், ஓட்டு வருகிறது என்றால் உறுப்பினர்களுக்கு டூர் வரும். வேன் காலனி வாசலில் வந்து நின்றது. அக்கா ஏறவில்லை.

"அங்க யாரு துட்டுல சோறு போடறாங்க? எனக்கு வேண்டாம் அம்மிணி. நான் என் வூட்டுல இருந்தே வந்து கை தூக்கறேன்" என்றாள் என்னிடம்.

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அவங்களுக்கு எதுக்குக் காவல்? அவங்களை யாரு வாங்க முடியும்?" என்றார் பெரியவர். வேன் போய்விட்டது. பதினைந்து பேருக்கு வாசலில் ஆள் போட்டுக் காவல் வைத்தோம். பதினாறாவது ஆளை வீட்டில் விட்டுவிட்டோம்.

மறுநாள் கௌரி பண்டிகை. கர்நாடகத்தில் அன்றைக்குக் கல்யாணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். பாகினா என்பார்கள். மஞ்சள் பூசின மூங்கில் முறத்தில் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், வளையல், குங்குமம், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, மேலே இன்னொரு முறத்தைக் கவிழ்த்து மூடி, முந்தானையால் பிடித்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவளும் முந்தானையால்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனால் எதிர்த் தெருக் கன்னடப் பெண்களுக்கு அண்ணன்மார் கொண்டுவருவதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறோம்.

அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளை மறந்துவிட்டார். அத்தை வீட்டில் வேலைக்காரி மாதிரி வளர்ந்து, கட்டின புடவையோடு கல்யாணமாகி வந்தவள். நோயில் கிடந்தபோதும் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவள் ஒருநாளும் அழுதுகொண்டு சொன்னதில்லை. பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

காலையில் காலனி முனையில் ஒரு கார் வந்து நின்றது. அத்யக்ஷரின் பெண்டாட்டி இறங்கினாள். கூட யாரும் இல்லை. பட்டுப்புடவையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் முறத்தோடு நேரே அக்கா வீட்டு வாசலுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டோம். நான் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"நம்மவரிகெ தங்கி இல்லம்மா" என்றாள் அவள். "ஈ வர்ஷதிந்த நம்ம மனெனே நினகெ தவரு மனெ."

எங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கை இல்லை, இந்த வருஷத்திலிருந்து எங்கள் வீடுதான் உனக்குப் பிறந்த வீடு என்றாள். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முகத்தில் கள்ளமும் இல்லை. அவளே ஒருவேளை அதை நிஜமாகத்தான் சொன்னாளோ என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா வேண்டாம் என்பாள் என்று நான் காத்திருந்தேன். அக்கா முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவள் யாரிடமிருந்தாவது எதையாவது வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கார் போனதும் காலனிப் பெண்கள் உள்ளே புகுந்தோம். அம்மாதான் முதலில் முறத்தைத் திறந்தாள். "மோதிரம் கீதிரம் வெச்சிருப்பாங்க, நல்லாப் பாருங்கடி" என்றாள். அரிசியைக் கொட்டிக் கிளறினோம். தேங்காயை ஆட்டிப் பார்த்தோம். ரவிக்கைத் துணியை உதறினோம். ஒரு குந்துமணித் தங்கம்கூட இல்லை. கண்ணாடி வளையல், சாதா பருப்பு, கடையில் விற்கிற குங்குமம். "அப்பாடா" என்றாள் அம்மா. எல்லோருக்கும் நிம்மதி. வெல்லத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அக்கா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களைத் தடுக்கவில்லை.

எங்களைப் போல மடையர்கள் உண்டா? லஞ்சத்தை அரிசிக்குள் தேடினோம்.

கை தூக்குகிற நாளில் நகரசபை ஜன்னலுக்கு வெளியே காலனியே நின்றது. குடகு வேன் நேரே வாசலுக்கு வந்து பதினைந்து பேரையும் இறக்கியது. மேலிருந்து அனுப்பிய அதிகாரி தீர்மானத்தைப் படித்தார். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் உயர்ந்தன. நாங்கள் சந்தேகப்பட்ட ஆட்கள், பங்கு கிடைக்காத ஆட்கள், நேற்றுவரை அத்யக்ஷரின் காலைப் பிடித்த ஆட்கள், எல்லோர் கையும் உயர்ந்தது. அக்காவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா! கையைத் தூக்குங்க! அக்கா!" என்று கத்தினேன். அவளுக்குக் காதில் விழவில்லை என்றே நினைத்தேன். அதிகாரி எண்ணினார். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினார். பதினைந்து. அத்யக்ஷர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். மற்றவர்கள் வாசலில் மண்ணைத் தூற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

"எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒரு பைசா வாங்கல அம்மிணி."

"அப்புறம் ஏன்க்கா? ஏன்?"

"மடியில வாங்கிட்டனே. பொறந்த வூட்டுச் சீரு வாங்கின கையாலயே அந்த வூட்டை எறக்கறதா? அது எப்படி முடியும்? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். கை வரல."

"அப்ப எங்க வீடு?"

"என் வூடும்தான் போவுது."

"உங்க வீட்டை நீங்க யாருக்கு வேணா தூக்கிக் குடுங்க. எங்க வீட்டைக் குடுக்க நீங்க யாரு? அந்தக் கை உங்க கையா? நாங்க ஓட்டுப் போட்டு வெச்ச கை அது!"

ஒரு கிண்ணம் குழம்பு வாங்கினால் கட்டுப்பட்டுவிடுவேன் என்று பயந்தவள். எங்கள் அத்தனை பேர் ஓட்டை வாங்கினாளே, அதற்கு மட்டும் கட்டுப்படத் தெரியவில்லையே! அதை நான் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவளும் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்யக்ஷரின் ஆள் வந்தான். புது லேஅவுட்டில் அக்கா பெயருக்கு ஒரு சைட் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னான். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். இதையும் நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த சைட்டை அவள் வாங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மற்ற திருடர்களோடு அவளையும் சேர்த்து நாங்கள் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்போம். அதையும் எங்களுக்குக் கொடுக்காமல் போனாள்.

மழை நின்ற பிறகு புல்டோசர் வந்தது, போலீஸ் வேனும் வந்தது. பொறுப்பு அதிகாரி கையில் ஒரு உத்தரவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் காட்டினார். அக்கா வீட்டுக்கு முன்னால் வந்ததும், "கவுன்சிலர் மனெ பிட்டுபிடி" என்றார். அதை மட்டும் விட்டுவிடச் சொல்லி மேலே இருந்து சொல்லியிருந்தார்கள்.

அக்கா உள்ளே போனாள். ஸ்டவ்வையும் இரண்டு பாத்திரத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து ரோட்டில் வைத்தாள். புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்று, "மொதலு நன்ன மனெ ஒடீரி" என்றாள். முதலில் என் வீட்டை உடையுங்கள் என்று.

ஓட்டுகிறவன் அதிகாரியைப் பார்த்தான். அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஒரே இடியில் அவள் வீடு உட்கார்ந்துவிட்டது. தூசி அடங்கியதும் அக்கா வந்து எங்களோடு நின்றாள். பெண்கள் விலகிக்கொண்டார்கள். அம்மா மட்டும் விலகவில்லை.

"ஏன்க்கா," என்றாள் அம்மா, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை. "மொதல்ல உங்களுத இடிச்சா, எங்களுத நிக்குமா?"

"நிக்காதுங்க" என்றாள் அக்கா.

வண்டி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து ரோட்டோரம் வைத்திருந்தோம். கல் கல்லாக அவர் கையாலேயே கட்டின வீடு. பார்க்க மாட்டேன் என்று சுவர் விழுமுன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன்.